பாலம் ஒருவரைத்தான் தாங்கும்

இரண்டாம் பாகத்தில் அவன் உயிரோடு வருகிறான்.
முதல் பாகத்தில் குதித்தபோது
தியேட்டரில் பிள்ளைகள் அழுதார்களாம்,
அதனால் திரும்ப வருகிறான்.
எனக்கு ஒதுக்கியது பதினொரு விநாடி:
பனிக்குள்ளிருந்து நடந்து வந்து
பாலத்தின் நடுவில் நின்று
திரும்பிப் பார்க்க வேண்டும்.
இருநூற்று அறுபத்து நான்கு பிரேம்.
வெள்ளிக்கிழமைக்குள்.

லாஸ்பேட்டையில் மாவு மில்லுக்கு மேல்மாடி எங்கள் ஸ்டுடியோ.
கீழே மிளகாய் அரைத்தால்
மேலே பன்னிரண்டு பேரும் தும்மிக்கொண்டே
டிராகனுக்குச் செதில் ஒட்டுவோம்.

கோப்பில் அவன் பெயர் வெறும் எண்.
விளையாட்டில் வாயில் நுழையாத ஏதோ ஒன்று.
மஞ்சக்குப்பத்தில் நாங்கள் வைத்தது
மூட்டை.
எல்லார் சாமானையும் அவன்தான் சுமப்பான்,
வாள், கயிறு, மருந்துக் குப்பி, வழியில் பொறுக்கிய காசு.
பேசமாட்டான்.
ம் என்பான், அதுவும் மேடு ஏறும்போது.

ஏழாம் கட்டத்தில் அந்தப் பாலம்.
வலது பொத்தானை அழுத்தினால்
சாமானை ஒவ்வொன்றாக இறக்கி வைத்துவிட்டு
மூட்டை குதிப்பான்.
அழுத்தாமல் நின்றால் இருவரும் விழுவோம்,
முதல் கட்டத்திலிருந்து ஆரம்பம்.

ரஹீமுத்தீன் அண்ணன் சென்டரில் மணிக்குப் பதினைந்து ரூபாய்.
வீட்டில் ஸ்கூல் ப்ராஜெக்ட் என்று சொல்லியிருந்தேன்.
முதல் தடவை அழுத்துவதற்கு
இருபது நிமிஷம் யோசித்தேன், ஐந்து ரூபாய்க்கு.
பிறகு யோசிக்கவில்லை.
பிறகு, அவன் இறக்கி வைப்பது ரொம்ப மெதுவாக இருக்கிறதென்று
இன்னொரு பொத்தானைத் தட்டி
அதையும் ஓட்டிவிடக் கற்றுக்கொண்டேன்.
பக்கத்து சீட்டு தேவசகாயம் எண்ணிக்கொண்டு வந்திருக்கிறான்:
நாற்பத்தொன்று.

தானே புயலுக்கு முந்தின சாயங்காலம்
காசு தீர்ந்து, அவனைப் பாலத்தில் நிறுத்திவிட்டு எழுந்து வந்தேன்.
அப்புறம் பல நாள் கரண்ட் இல்லை.
கம்பங்கள் ரோட்டில் படுத்துக் கிடந்தன,
பலா மரமெல்லாம் வேரைக் காட்டிக்கொண்டு.
தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நின்றபோது
எனக்கு ஓர் அசட்டு நிம்மதி:
இப்போதைக்கு அவன் குதிக்க வேண்டியதில்லை.

குறிப்பு வந்தது.
கோபம் வேண்டாம், அழுகை வேண்டாம்,
குழந்தைகள் பார்க்கும் படம், அன்பாகப் பார்க்கட்டும்.
அன்பாகவே வரைந்தேன்.
புருவத்தை மூன்று முறை மாற்றினேன்.
நூற்று முப்பத்தொன்றில் மட்டும்
கண்ணைக் கதாநாயகியிடமிருந்து எடுத்து
கீழே, வலது ஓரத்தில் வைத்தேன்.
விளையாடுகிறவள் கட்டைவிரல் இருக்கும் இடம்.
அடுத்ததிலும் வைத்தேன்.

செவ்வாய்க்கிழமை திருத்தம்:
நூற்று முப்பத்தொன்று, கண் எங்கே போகிறது? சரிசெய்க.
சரிசெய்தேன்.
நூற்று முப்பத்திரண்டை அவர்கள் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.
ஓட்டிப் பார்த்தபோது பக்கத்து மேஜை ஃப்ளோரன்ஸ்
ஏய், இவன் இப்ப என்னையா பாத்தான் என்றாள்.
அதற்குள் கீழே மிளகாய்.
தும்மலில் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை ராத்திரி கடலூர் பஸ்
பெண்ணையாற்றுப் பாலத்தில் ஊர்கிறது.
ஐம்பது சீட்டுக்குத் தொண்ணூறு பேர், காலி மீன்கூடை இரண்டு,
கயிறு கட்டிய மிக்ஸிப் பெட்டி,
படியில் தொங்கும் காலேஜ் பையன்கள்.
உள்ள போ, உள்ள போ, எடம் கெடக்கு என்கிறார் கண்டக்டர்.
யாரையும் இறங்கச் சொல்லவில்லை.
நின்றுகொண்டிருக்கும் யாருடைய பையோ
என் தோளை இடித்துக்கொண்டே வருகிறது.
கொடுங்க என்று வாங்கி மடியில் வைத்துக்கொள்கிறேன்.
நல்ல கனம்.
மேலே யாரோ
ம் என்கிறார்.